காயத்துக்கும் மனச்சோர்வுக்கும் பிறகு டிரையத்லான்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். 'ஸ்பிரிண்ட்' என்று சொல்லப்படும் குறுந்தொலைவு டிரையத்லானில் சைக்கிள் மிதிக்க வேண்டியது 20 கிலோமீட்டர். அதற்கு முன் 750 மீட்டர் நீச்சல், அதற்குப் பின் 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட தொலைவு இதற்கு இரண்டு மடங்கு. டிரையத்லான் என்றதும் பலர் நினைத்துக்கொள்ளும் அயர்ன்மேன், அதாவது 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் 42.2 கிலோமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்தப் பெரும்பாடு, இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. அடிபட்ட உடம்போடும் ஆறிவரும் மனத்தோடும் இருப்பவர் ஒரு ஸ்பிரிண்ட்டை முடிப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். மழையில் வண்டி சறுக்கி விழுந்ததில் இடது முட்டியின் ஜவ்வு (ஏ.சி.எல்.) கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவன், கட்டிலில் கிடந்த மாதங்களில் மனச்சோர்வுக்கு ஆளாகி மாத்திரை எடுத்துக்கொண்டவன். முட்டிக்கு இத்தனை மாதத்தில் இன்னது என்று ஓர் அட்டவணை கையில் கொடுத்தார்கள், மனத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால், இரண்டையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகினேன். அந்தப் பழக்கந்தான் கீழே சொல்லப்படும் முறைக்கு அடிப்படை.

காயத்திலிருந்து எழுபவர்களுக்கு ஓட்டத்தையோ இறகுப்பந்தையோ விட டிரையத்லான் ஏற்றது என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஓட்டக்காரருக்குக் குதிகால் வலித்தால் அன்றைய பொழுதே போயிற்று. ஒரு வாரம் அப்படிப் போனால் மனமும் சேர்ந்து விழுகிறது. மூன்று கலைகளைப் பழகுபவருக்கு முட்டி வலித்தால் நீச்சல் இருக்கிறது. தோள் பிடித்துக்கொண்டால் சைக்கிள் இருக்கிறது. இரண்டும் முடியாத நாளில் கடற்கரைச் சாலையில் மெதுவான நடை இருக்கிறது. திடீரென்று திசை திரும்புவது, எகிறிக் குதித்து இறங்குவது போன்ற, ஜவ்வைப் பதம்பார்க்கும் அசைவுகளும் இதில் மிகக் குறைவு.

தொடங்குமுன் இருவரிடம் கேட்க வேண்டியவை

முதலாமவர் இயன்முறை மருத்துவர். 'ஓடலாமா' என்று பொதுவாகக் கேட்டால் 'பார்த்து ஓடுங்கள்' என்ற பதில்தான் கிடைக்கும். அடிபட்ட காலின் தொடைத்தசை மற்றக் காலோடு ஒப்பிட எவ்வளவு வலுவாக இருக்கிறது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறைக்கு மேல் உயர்த்த முடிகிறதா, படி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஏ.சி.எல். அறுவைக்குப் பின், மெதுவோட்டத்தை மூன்று நான்கு மாதங்களுக்கு முன் பொதுவாகத் தொடங்கவிடுவதில்லை. அதுவும் வீக்கம் வடிந்து, தசை வலுப்பெற்றிருந்தால்தான். நாள்காட்டி மட்டும் போதாது. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் உண்டு. கட்டுப் போட்டுக்கொண்டவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எலும்பு நேராகக் கூடியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.

இரண்டாமவர் மனநல மருத்துவர். இவரிடம் உடற்பயிற்சிக்கு அனுமதி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், மாத்திரைச் சீட்டை மேசைமேல் வைத்து, வெயிலில் வியர்வை சிந்த ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்யப்போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனநிலை ஏற்றத்தாழ்வுக்கான லித்தியம் எடுத்துக்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறலாம். முட்டி வலிக்கென்று கடையில் தாமாக வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவையும் அந்த அளவை உயர்த்தக்கூடியவை. சில மனநோய் மருந்துகளோடு சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் வியர்வையைக் குறைத்துவிடுவதால் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாமல் திணறும். மனச்சோர்வுக்கான எசிட்டலோபிராம் வகை மாத்திரைகளால் சிலருக்கு வியர்வை கூடும். சிலருக்கு உடலின் சோடியம் குறையும். அவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது நல்லதன்று. பதற்றத்துக்காக புரோபிரனலால் எடுத்துக்கொள்பவரின் நாடித்துடிப்பு தாழ்வாகவே இருக்கும். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு எண்களை நம்பி அவர் பயிற்சியின் கடுமையை அளக்கக் கூடாது. பதற்றத்துக்கான குளோனசிபாமை இரவு போட்டுக்கொண்டு காலையில் தலை பாரமாக இருந்தால் அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது. இவற்றுள் எதுவும் மருந்தை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. நான்கு வாரம் பயிற்சி செய்ததும் மனம் லேசாகிறது, மாத்திரை எதற்கு என்று தோன்றும்; எனக்கும் தோன்றியது, நிறுத்தினேன், இரண்டே மாதத்தில் மறுபடி படுக்கையில் கிடந்தேன். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பது உண்மை. ஆனால் மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதித் தந்தவர் முடிவு செய்ய வேண்டியவை.

நோட்டும் இரண்டு எண்களும்

காலையில் எழுந்து பல் துலக்கியதும் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, அடிபட்ட இடத்தின் வலி: 0 முதல் 10 வரை. மற்றொன்று, மனத்தின் பாரம்: அதுவும் 0 முதல் 10 வரை. பக்கத்தில் தூங்கிய மணி நேரம். வேறெதுவும் வேண்டாம்.

பயிற்சியின்போது வலி மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலையில் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்பியும் இருந்தால் அந்தப் பயிற்சியின் அளவு சரி. மறுநாள் காலை வலி கூடியிருந்தாலோ முட்டி வீங்கி மடக்க இறுக்கமாக இருந்தாலோ முந்தைய நாளின் அளவு மிகை; அதிலிருந்து கால்பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வலிக்கவில்லையே என்பது சான்று ஆகாது, ஏனெனில் உற்சாகத்தில் ஓடும்போது உடம்பு பல குறைகளை மறைத்துவிடும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீர் என்று குத்தும் எலும்பு வலி, இரவில் விழிக்க வைக்கும் வலி ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. அவை எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்களுக்குப் பயிற்சி கூடிய பின் மாதவிடாய் நின்றுபோனால் அதையும் அதே தீவிரத்தோடு கருத வேண்டும்: உண்ணும் அளவு உழைப்புக்குப் போதவில்லை என்பதும், எலும்பு வலுவிழக்கலாம் என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

மனத்தின் எண்ணுக்கு விதி வேறு. அது ஏழுக்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சியை முற்றாகக் கைவிடாமல், மிகச் சிறியதாக்கிவிடுங்கள்: சட்டை மாற்றி, வாசலைத் தாண்டி, பத்து நிமிடம் நடந்து திரும்பினால் அன்றைய கடமை முடிந்தது. தொடர்ந்து இரண்டு வாரம் எண் இறங்கவேயில்லை என்றாலோ, தூக்கம் நாளுக்கு நாள் குறைந்தாலோ நோட்டை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் நமக்கு அந்தப் பக்கங்கள் பேசிக்கொடுக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

நீச்சல்

மூன்றில் அதிகக் காலம் பிடிப்பது இதுதான். ஆகவே இதை முதலில் தொடங்குங்கள். தையல் காயம் முழுதாக மூடியபின் மட்டுமே குளத்தில் இறங்கலாம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள் நம்மில் ஏராளம். நானும் முப்பத்தைந்து வயதில் குழந்தைகளின் வரிசையில் நின்று கற்றுக்கொண்டவன்தான். குளம் 25 மீட்டரா 50 மீட்டரா, உயிர்காப்பாளர் இருக்கிறாரா, பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டுச் சேருங்கள். 25 மீட்டர் குளத்தில் முப்பது நீளம் நீந்தினால் 750 மீட்டர்.

முட்டி ஜவ்வில் அடிபட்டவர்கள் தவளை நீச்சலின் உதையைத் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டும், ஏனெனில் காலை வெளிப்புறம் சுழற்றி உதைக்கும்போது முட்டியின் உட்பக்கம் இழுபடும். இரு தொடைகளுக்கு இடையே மிதவையை வைத்துக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தினால் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் தோளில் பழைய காயம் உள்ளவர்களுக்கு இதே மிதவை கெடுதல், எல்லாப் பளுவும் தோளுக்குப் போய்விடும்.

பதற்ற நோய் உள்ளவர்களுக்கு நீரில் வரும் திணறல் தனிக் கதை. மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது நாம் மேலும் மேலும் உள்ளிழுக்கிறோம். உண்மையில் உள்ளே அடைத்து வைத்த காற்றை வெளியே விடாததுதான் அந்தத் திணறலைக் கூட்டுகிறது. இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, நீருக்குள் குமிழிகளாக மெல்ல ஊதி, தலையைத் திருப்பி மூச்சு வாங்குவதை இருபது முப்பது முறை பழகுங்கள். திணறல் வந்தால் மல்லாந்து மிதப்பதையும் பழகுங்கள். இந்த இரண்டும் கைவராமல் தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

கடலில் நீந்துவது, குளத்தில் 750 மீட்டர் நிதானமாக வந்த பிறகுதான், அதுவும் தனியாக ஒருபோதும் கூடாது. புதுச்சேரியின் பாறைக் கடற்கரையிலோ தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ இறங்கிப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் பெரும்பாலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். பார்வைக்கு அதுதான் இறங்கத் தோதான இடம் போலவும் இருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். கடலறிந்த பயிற்சியாளரும், பளிச்சென்ற நிறத்தில் இடுப்போடு கட்டிய மிதவையும், அன்றைய கடலைப் பற்றி உள்ளூர் மீனவர் சொல்லும் சொல்லும் இல்லாமல் இறங்காதீர்கள். அவர் 'இன்று வேண்டாம் தம்பி' என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சைக்கிள்

புதிதாக விலையுயர்ந்த பந்தய சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கும் எந்த கியர் சைக்கிளும் முதல் போட்டிக்குப் போதும். செலவிட வேண்டியது ஹெல்மெட்டுக்கும், உங்கள் உடம்புக்கு ஏற்ப சீட்டைப் பொருத்துவதற்கும். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். அரை சென்டிமீட்டர் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது வீரமாகத் தெரியும், முட்டிக்குச் சுமை. லேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருமாறு மிதியுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பது பெரிய கேள்வி. கடலூர்–புதுச்சேரி சாலையில் பேருந்தும் லாரியும் செல்லும் வேகத்தில் புதியவர் பயிற்சி செய்ய முடியாது. பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள வயல்வெளிச் சாலைகள் விடியற்காலையில் ஓரளவு அமைதியானவை, மேடு பள்ளமும் இல்லாதவை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள், அதில் சக்கரம் சறுக்கும். வண்டியில் விழுந்து அடிபட்டவர்களுக்குப் பின்னால் வரும் ஹாரன் சத்தத்திலேயே கை நடுங்கலாம். எனக்கு நடுங்கியது. அப்படிப்பட்டவர்கள் முதல் ஒரு மாதம் வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் பொருத்தி மிதித்துவிட்டு, பிறகு ஆளில்லாத தெருவில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று பழகிக்கொள்ளலாம். நடுக்கம் குறையவில்லை என்றால் அதுவும் சிகிச்சைக்கு உரியதே, உளவியலாளரிடம் சொல்லுங்கள்.

ஓட்டம்

இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும்விட மெதுவாகக் கூட்டுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் இல்லை என்றால், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் கழித்து இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம் என்று சொல்வார்கள். நம் போன்றவர்களுக்கு அதுவும் சில வாரங்களில் மிகை, நான்காவது வாரம் கட்டாயம் குறைத்தாக வேண்டும். ஐந்து கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் முடிப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை.

கடல் மணலில் ஓடினால் முட்டிக்கு மென்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. ஈரமில்லாத மணலில் குதிகால் தசைநாணுக்கும் கெண்டைக்காலுக்கும் சுமை கூடும். அலையோரச் சரிவிலோ ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இடுப்பு கோணும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும்; சமதளம், விளக்கு வெளிச்சம், முடியாவிட்டால் உட்காரத் திண்ணை. மீண்டும் ஓடத் தொடங்கக் கூச்சமாக இருப்பவருக்கும் அங்கே கவலையில்லை, எல்லோரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகள் அழகானவை, ஆனால் வேரும் குழியும் நிறைந்தவை. கணுக்கால் சுளுக்கிய வரலாறு உள்ளவர்கள் அங்கே பொறுத்துப் போகலாம்.

மூன்றும் தனித்தனியே வந்தபின், வாரம் ஒருமுறை சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பாருங்கள். கால்கள் மரக்கட்டை போல் கனக்கும். அது காயம் அன்று. முதல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓடத் தொடங்கினால் சரியாகும்.

வடகிழக்குப் பருவமழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வீட்டுக்குள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் ஸ்டாண்ட் சைக்கிளையும் வைத்துக்கொண்டு, ஜனவரி முதல் மார்ச் வரை வெளியே தூரத்தைக் கூட்டுவது நம் ஊருக்குத் தோதான வரிசை. கத்திரி வெயிலில் காலை ஏழுக்கு மேல் ஓட வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நன்று. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு ஓ.ஆர்.எஸ். கலந்த நீர் எடுத்துச் செல்லுங்கள். நான்கு மணிக்கு எழ வேண்டும் என்றால் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் தூக்கத்தை வெட்டிப் பயிற்சி செய்வது கடன் வாங்கிச் சீட்டுக் கட்டுவது போன்றது.

போட்டி நாள்

முதல் போட்டிக்கு, நீச்சல் குளத்திலோ அலையற்ற நீரிலோ நடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பதிவுப் படிவத்தில் கேட்கும் மருத்துவ விவரங்களை மறைக்காதீர்கள். விதிகளில் இரண்டு முக்கியம்: சைக்கிளைத் தொடுமுன் ஹெல்மெட்டின் வாரை மாட்டியிருக்க வேண்டும், ஓட்டிமுடித்து சைக்கிளை அதன் இடத்தில் வைத்த பிறகே கழற்ற வேண்டும். நீச்சலில் எந்தப் பாணியிலும் நீந்தலாம். மூச்சுத் திணறினால் பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கவும் பொதுவாக அனுமதி உண்டு, அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். தொடக்கத்திலேயே கூட்டத்தோடு பாயாமல், ஓரமாக நின்று அரை நிமிடம் கழித்து இறங்குங்கள். முதல் போட்டியில் நான் படகை இரண்டு முறை பிடித்தேன்.

முடித்த மறுவாரத்துக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒலிம்பிக்கில் 28 பதக்கங்கள் பெற்ற மைக்கேல் பெல்ப்ஸே ஒவ்வோர் ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததாகக் கூறியிருக்கிறார். மாதக்கணக்கில் ஒரு தேதியை நோக்கிப் போய்விட்டு, அந்தத் தேதி கடந்ததும் வரும் வெறுமை நம்மையும் விடாது. போட்டிக்குப் பின் நான்கைந்து நாள்களுக்குள் மனநல மருத்துவரைப் பார்க்கும்படி முன்கூட்டியே நேரம் வாங்கி வையுங்கள். அந்த வாரம் ஓட வேண்டாம், குளத்தில் கைகால் நீட்டி மிதந்தால் போதும். நோட்டில் மட்டும் தினமும் காலை இரண்டு எண்களையும் எழுதி, அதை அந்தச் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.